கை ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன்

நான் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. ஊரில் ஓ.எல். சோதனை எடுத்ததோடு என்ர படிப்பு நின்றுவிட்டது. 2012இல் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போய், கார் உதிரிப்பாகம் பூட்டுகிற ஒரு பக்டரியில் வேலை செய்கிறேன். இதை எழுதச் சொல்லி நச்சரித்தது என்னோடு லைனில் நிற்கிற பெண்கள்தான். என்ர வலது மணிக்கட்டில் அரை அங்குல நீளத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் கண்டவுடன் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அக்கா, இந்த ஒப்பரேசன் செய்யலாமோ? பயமில்லையோ?"

ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு இது தொடங்கியது 2020 மார்கழியில். இரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு வலது கை விறைத்து, ஊசி குத்துவதுபோல எரிந்து நித்திரை குழம்பும். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டு உதறினால் கொஞ்சம் சுகம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் ஒரு பாதி, இவ்வளவும் விறைக்கும். சின்னவிரல் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல இருக்கும். "குளிர் பிடிச்சிட்டுது பிள்ளை, கையுறை போட்டுக்கொண்டு படு" என்று மாமி சித்தாலேப பூசிவிட்டா. ஒரு வருடம் அப்படியே போனது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவத் தொடங்கியது. சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. மகளுக்குத் தலை இழுத்துப் பின்னும்போது மயிர் விரலில் படுவதே தெரியவில்லை.

வேலையைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். லைனில் வருகிற ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கிளிப்பைப் பெருவிரலால் அமத்த வேண்டும். பிறகு காற்றில் ஓடுகிற துப்பாக்கியால் திருகாணி. அந்தத் துப்பாக்கி அதிர்கிற அதிர்வு முழங்கைவரைக்கும் ஏறும். எட்டு மணித்தியாலம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து இடியப்பம் பிழிந்தால், கை என்ன செய்யும்?

குடும்ப டொக்டர் மணிக்கட்டை மடித்துப் பிடித்துப் பார்த்தா. தட்டிப் பார்த்தா. நீரிழிவு, தைரொயிட் இரண்டுக்கும் இரத்தம் எடுத்தா. அவை இருந்தாலும் இப்படி விறைக்குமாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் வருமாம். அது பெரும்பாலும் பிள்ளை பிறந்த பின் தானாகக் குறைந்துவிடும். பிறகு கையில் சின்னச் சின்ன மின்சாரம் விட்டு நரம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்கிற ரெஸ்ற்றுக்கு அனுப்பினா. கார்ப்பல் ரனல் என்று முடிவு வந்தது.

அது என்ன என்று எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். மணிக்கட்டுக்குள் ஒரு சின்னச் சுரங்கப்பாதை இருக்கிறது. அடியும் பக்கமும் எலும்பு. மேலே கூரைபோல ஒரு தடித்த நார்ப்பட்டி. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் இந்தப் பாதையால்தான் உள்ளங்கைக்குப் போகின்றன. ஊரில் மினிபஸ்ஸில் நெரிபட்டுப் போனவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தசைநாண்களைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் இடம் போதாது. அந்த நெரிசலில் மெத்தென்ற சாமான் நரம்புதான், அதுதான் நசிபடும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கட சனம் இரத்தக்குழாயையும் நரம்பு என்கிறது, தசைநாணையும் நரம்பு என்கிறது, "நரம்பு பிடிச்சிட்டுது" என்று சுளுக்கையும் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் மூன்றும் வேறு வேறு. இரத்தக்குழாய் இரத்தத்தைக் கொண்டுபோகும். தசைநாண் விரலை இழுக்கும். நரம்பு உணர்வையும் கட்டளையையும் கொண்டுபோகும். இந்த மூன்றில் எதற்குக் காயம் வந்தாலும் அடையாளம் வேறு, வைத்தியமும் வேறு. மொழிபெயர்க்கிறவர் எல்லாவற்றையும் நரம்பு என்று சொல்லிவிட்டுப் போனால், எது எது என்று திருப்பிக் கேளுங்கள்.

எல்லோருக்கும் உடனே கத்தி தேவையில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கிற பட்டி ஒன்று பாமசியில் வாங்கலாம். தொடக்கத்திலேயே அதைப் போட்டுப் படுத்தால் பலருக்குக் குறையும். மணிக்கட்டுக்குள் ஸ்ரீரொயிட் ஊசி போட்டாலும் குறையும். சிலருக்கு அது சில மாதங்களுக்குத்தான். நான் பட்டியைப் பிந்தித்தான் போட்டேன், ஊசியும் போட்டேன், நாலு மாதத்தில் வலி திரும்பி வந்தது. 2022 பங்குனியில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனேன்.

நிபுணரின் அறையில்

அன்று இவருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பத்து வயது. உங்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வங்கிக்கும் பிள்ளை, வாடகைக்காரரிடமும் பிள்ளை, டொக்டரிடமும் பிள்ளை.

நிபுணர் நல்ல மனுசன். அவசரப்படவில்லை. ஒரு படத்தைக் காட்டி எட்டுப் பத்து நிமிடம் பேசினார். மகள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "அம்மா, ரெண்டு விதம் இருக்காம். ஒண்டு உள்ளங்கையிலை பெரிசா வெட்டுறது. மற்றது சின்ன ஓட்டை, கமரா விட்டுச் செய்யிறது. ஓட்டை எண்டா கெதியிலை வேலைக்குப் போகலாமாம்."

கெதியிலை வேலைக்குப் போகலாம். எனக்கு அது போதுமாக இருந்தது. லைனில் என்ர இடத்துக்கு ஆள் போட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. போமை நீட்டினார். மகள் விரலை வைத்துக் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

அவர் பேசின பத்து நிமிடத்தில் மிச்சம் என்ன இருந்தது என்பதை நான் இரண்டு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். மகளே சொன்னாள், கட்டில் நுனியில் இருந்து அழுதுகொண்டு. "நேர்வ் எண்டா தமிழிலை என்ன எண்டு எனக்குத் தெரியேல்லை அம்மா. அது டமேஜ் ஆகலாம், சில பேருக்குத் திரும்ப வராது எண்டு சொன்னவர். நீங்கள் பயப்பிடுவியள் எண்டு நான் சொல்லேல்லை." அந்த இரண்டு மாதமும் என்ர விரல் விறைத்திருந்தது. அது தன்னால்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்.

அவர் சொன்னதும், எனக்கு வந்து சேராததும்

இனி நான் எழுதுவது பிறகு கேட்டு அறிந்தது. தாதிப் படிப்புப் படிக்கிற என்ர அக்காவின் மகன் வாசித்து விளக்கினான். நிபுணரிடமும் அடுத்த தடவை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தேன்.

இரண்டு முறையிலும் செய்வது ஒன்றுதான். கூரையாக இருக்கிற அந்த நார்ப்பட்டியை வெட்டிவிடுவது. கூரை திறந்தால் நெரிசல் குறையும். திறந்த முறையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் ஓர் அங்குலம் அல்லது அதற்குச் சற்றுக் கூட வெட்டி, கண்ணால் பார்த்துச் செய்வார்கள். கமரா முறை 1989இல் வெளிவந்தது. ஜப்பானில் ஒகுட்சு என்பவரும் அமெரிக்காவில் சோ என்பவரும் அந்த ஆண்டில் தங்கள் தங்கள் முறையை எழுதினார்கள். மணிக்கட்டு ரேகையில் ஒரு சின்ன வெட்டு, சில நிபுணர்கள் உள்ளங்கையில் இன்னொன்று. அதற்குள்ளால் குழாயும் கமராவும் விட்டு, ரி.வி. திரையைப் பார்த்துக்கொண்டு பட்டியைக் கீழ்ப்பக்கமிருந்து வெட்டுவார்கள். உள்ளங்கைத் தோல் பெரும்பாலும் முழுசாக இருப்பதால் நோவு குறைவு, கையை முந்திப் பாவிக்கலாம்.

2014இல் கொக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு இரண்டு முறையையும் ஒப்பிட்ட 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இரண்டும் சுகம் தருவது ஏறக்குறைய ஒரே அளவுதான். கமரா முறையில் செய்தவர்கள் சராசரி எட்டு நாள் முந்தி வேலைக்குத் திரும்பினார்கள். திறந்த முறையில் காயத்தில் சீழ், தழும்பு நோவு போன்றவை கூட. கமரா முறையில் நரம்பு தற்காலிகமாக விறைப்பது கூட. எனக்கு வந்தது அந்த இரண்டாவது வகை.

ஏன் அப்படி? கமரா பட்டியின் அடிப்பக்கத்தைத்தான் வடிவாகக் காட்டும். பட்டிக்கு அங்கால் என்ன இருக்கிறது, பக்கத்தில் எந்தக் கிளை ஓடுகிறது என்பதெல்லாம் திரையில் முழுதாகத் தெரியாது. குழாயை விடுவதும் ஏற்கனவே நெரிசலாக இருக்கிற இடத்துக்குள்தான். அந்த நேரத்தில் நரம்பு கன்றிப்போகலாம். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் போகிற கிளை குழாய் போகிற இடத்துக்குக் கிட்ட இருப்பதால் அதற்கு அடி படுவது உண்டு. எல்லோருடைய கையிலும் நரம்புக் கிளைகள் ஒரே இடத்தில் ஓடுவதுமில்லை. பெருவிரல் தசைக்குப் போகிற சின்னக் கிளை ஒன்று சிலருக்குப் பட்டியையே துளைத்துக்கொண்டு போகிறது. அது வெட்டுப்பட்டால் பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவந்து பிடிக்க முடியாது. திருகாணி பூட்டுகிறவளுக்கு அது இல்லாவிட்டால் வேலையே இல்லை.

உள்ளங்கையில் வளைந்து ஓடுகிற இரத்தக்குழாய் வெட்டுப்படலாம். தசைநாண் வெட்டுப்படலாம். குழாய் பிழையான பாதைக்குள் போய்ச் சின்னவிரல் பக்கத்து நரம்புக்குக் காயம் வரலாம். இவையெல்லாம் அரிது. அனுபவமுள்ளவர் செய்தால், நிரந்தரமான பெரிய காயம் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. திறந்த முறையிலும் இந்தக் காயங்கள் வருவதுண்டு. கமராவுக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். ஆனால் அரிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த ஒருவருக்கு அது முழுதாகத்தான் வரும்.

பட்டி முழுதாக வெட்டுப்படாமல் விடுவதும் உண்டு. எங்கள் பக்டரியில் பொதி கட்டுகிற பகுதியில் ஒரு தங்கச்சிக்கு அதுதான் நடந்தது. ஒப்பரேசன் முடிந்து மூன்று மாதமாகியும் இரவு விறைப்பு ஒரு சொட்டும் குறையவில்லை. "ஆறுதலாத்தான் மாறும்" என்று எல்லோரும், நான் உட்பட, அவளுக்குச் சொன்னோம். பிழை. விறைப்பு மாறப் பல மாதம் எடுக்கலாம், ஆனால் இரவில் எழுப்புகிற அந்த எரிவு பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில், சில கிழமைகளில் குறைந்துவிடும். ஒன்றுமே மாறாவிட்டால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். அவளுக்கு இரண்டாம் தடவை திறந்து வெட்டினார்கள். இப்போது சுகம்.

போமில் இன்னொரு வரியும் இருக்கும். கமராவில் வடிவாகத் தெரியாவிட்டால் அங்கேயே திறந்த முறைக்கு மாறுவோம் என்று. அது தவறு நடந்ததற்கு அடையாளமில்லை. தெரியாமல் வெட்டுவதைவிடத் திறந்து வெட்டுவது நல்லது. முன்கூட்டியே தெரியாதவர்கள்தான் விழித்துப் பார்த்து நீளக் கட்டைக் கண்டு, "என்னவோ நடந்துபோச்சு" என்று பதறுகிறார்கள்.

எனக்கு நடந்தது

ஒப்பரேசன் அரை மணித்தியாலம்கூட இல்லை. அன்று பின்னேரமே வீடு. முதல் இரவே எரிவு இல்லாமல் படுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் காணாத நித்திரை. அடுத்த நாள் மருந்து விறைப்பு விட்டது. பெருவிரல் நல்லது. சுட்டுவிரல் நல்லது. ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றையொன்று பார்க்கிற பக்கம் மரக்கட்டை. முந்தி இருந்தது ஊசி குத்துகிற விறைப்பு. இது வேறு. நகத்தால் கீறினாலும் தெரியவில்லை.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒப்பரேசன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ரெலிபோன் எடுத்தால் இங்கிலீசில் கதைக்க வேண்டும். மகளிடம் கேட்கவும் மனமில்லை. பத்தாம் நாள் தையல் வெட்டப் போனபோதுதான் காட்டினேன். நிபுணர் கம்பியின் இரண்டு முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "ஏன் அடுத்த நாளே கூப்பிடவில்லை?" என்று கேட்டார்.

நரம்பு கன்றியிருந்தால் தானாக மாறும். வெட்டுப்பட்டிருந்தால் மாறாது, பிந்தாமல் திறந்து தைத்தால்தான் நல்ல பலன். இரண்டில் எது என்று பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம். எனக்கு ஆறாம் கிழமையில் விரல் நுனியை நோக்கி மின்சாரம் ஓடுவதுபோல ஒரு கூச்சம் தொடங்கியது. மூன்றாம் மாதம் மயிர் விரலில் படுவது தெரிந்தது. கன்றல்தான். தப்பினேன். ஆனால் அந்தப் பத்து நாளை நான் சும்மா விட்டிருக்கிறேன்; வெட்டுக் காயமாக இருந்திருந்தால் அது என்ர தலையில்தான் விடிந்திருக்கும்.

ஆகவே வீட்டுக்கு வந்தபின் எதற்கு உடனே கூப்பிட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். மருந்து விறைப்பு விட வேண்டிய நேரத்துக்குப் பின்னும் ஒரு விரலில் புதிதாக முழு மரப்பு இருந்தால். ஒரு விரல் தானாக மடங்காவிட்டால், பெருவிரல் உள்ளே வராவிட்டால். விரல்கள் வெளிறி அல்லது நீலமாகிக் குளிர்ந்தால். வீக்கமும் நோவும் குறையாமல் கூடிக்கொண்டே போனால். கட்டு இறுகி, கையை உயர்த்தியும் சுகம் வராவிட்டால். இரத்தம் நிற்காவிட்டால். பிறகு வருகிற நாட்களில் காய்ச்சல், சிவப்பு, சீழ். நிபுணரின் இலக்கத்துக்கு எடுங்கள். அது பூட்டியிருந்தால் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலையில் பார்ப்போம் என்று படுக்க வேண்டாம். "பெயின்" என்று மட்டும் சொன்னாலும் பரவாயில்லை, "தமிழ்" என்று மட்டும் சொன்னாலும் பரவாயில்லை.

கிழமைகள் போன பின்னும், தொடமுடியாத எரிவு, தோல் மினுங்குதல், நிறமும் வேர்வையும் மாறுதல், கை முழுக்க விறைத்து மடங்காமை என்று வந்தால் அதையும் காட்ட வேண்டும். சிலருக்கு உடம்பு சின்னக் காயத்துக்கு அளவுக்கு மிஞ்சி நோவை எழுப்பிவிடும். முந்திப் பிடித்தால்தான் அதை அடக்கலாம்.

எல்லா நோவும் ஆபத்தல்ல. உள்ளங்கையின் இரண்டு மேட்டிலும், ஊன்றினால் உயிர் போகிற ஒரு நோவு எனக்கு நாலு மாதம் இருந்தது. கூரை வெட்டுப்பட்டதால் பக்கத்துத் தசைகள் புது நிலைக்குப் பழகுகின்ற நோவு அது. எந்த முறையில் செய்தாலும் வரலாம், பெரும்பாலும் தானாகப் போகும். பிடிபலமும் குறைந்துதான் திரும்பும். நாலு மாதமும் எங்கள் வீட்டில் புட்டும் பாணும்தான். இவர் இடியப்ப உரலை எடுத்துப் பிழிந்து பார்த்துவிட்டு, "இதை நீ எப்பிடி இவ்வளவு காலமும் செய்தனி?" என்று கேட்டார். பத்து வருடத்தில் ஒரு நாளாவது கேட்டாரே.

செய்யாமல் விட்டால்?

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்ப நான் செய்யேல்லை" என்று பட்டியைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஓர் ஐயா, பேக்கரியில் இரவு வேலை செய்தவர், ஏழு வருடம் பயத்தில் தள்ளிப்போட்டார். பெருவிரலின் அடியில் இருக்கிற சதைமேடு வற்றிக் குழி விழுந்த பிறகுதான் போனார். ஒப்பரேசன் பிழையில்லாமல் நடந்தது. இரவு நோவு நின்றது. ஆனால் சதை திரும்பவில்லை, திறப்பைத் திருப்ப முடியவில்லை. "கத்தி வைச்சுக் கையைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று கோயிலில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கெடுத்தது அந்த ஏழு வருடம். அவர் சொல்வதைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ.

போமில் வைக்கிற கையெழுத்து

ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டின் வைத்தியச் சம்மதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. போமில் கையெழுத்து இருந்தால் மட்டும் அது சம்மதமாகாது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன நன்மை, என்ன ஆபத்து, என்ன பக்கவிளைவு, வேறு வழி என்ன இருக்கிறது, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இந்த ஆறையும் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் பதில் தர வேண்டும். கையெழுத்து வைத்த பிறகும் மனம் மாறினால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக ஒருவரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அகதிக் கோரிக்கைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கட ஆட்களுக்கு இந்தப் பயம் இருப்பதால் எழுதுகிறேன்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே சொல்லுங்கள். ரொறன்ரோவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அது புதினமில்லை. ரெலிபோனிலாவது பிடித்துத் தருவார்கள். அன்று காலை போய்க் கேட்டால் சில நேரம் கிடைக்காது. சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போனாலும் பெரியவர்களாகப் பாருங்கள்.

நீரிழிவு, இரத்தம் உறையாமல் எடுக்கிற குளிசை, வயிற்றில் பிள்ளை, எதையும் மறைக்க வேண்டாம். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கை வீங்கினால் மோதிரம் விரலை இறுக்கும்.

வேலைத்தலத்தில்

கையில் வருத்தம் என்றால் வேலை போய்விடும் என்று நானும் ஒளித்தேன். சூப்பர்வைசர், "அது வீட்டுவேலையால் வந்திருக்கும்" என்றார். அதை நானும் நம்பினேன். பிறகுதான் அறிந்தேன், இதை வேலையால் வந்த வருத்தம் என்று டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அறிவிக்கலாம். வருத்தம் இன்னதென்று தெரிந்து ஆறு மாதத்துக்குள் நீங்கள் 6ஆம் இலக்கப் போமை அனுப்ப வேண்டும். டொக்டர் 8ஆம் இலக்கப் போமை அனுப்புவார். ஒவ்வொரு நாளும் என்ன அசைவை எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று விபரமாக எழுதுங்கள். "கை நோ" என்று மட்டும் எழுதினால் காணாது. ஏஜென்சி மூலம் போகிறவர்களுக்கு ஏஜென்சிதான் முதலாளி. அவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. அறிவிக்காதே என்று முதலாளி வெருட்டுவது சட்டப்படி குற்றம். யூனியன் இல்லாதவர்களுக்கு, தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் என்ற ஒன்ராறியோ அரசாங்க இடம் இலவசமாக உதவுகிறது.

எல்லாம் ஏற்றுக்கொள்ளப்படும் என்று சொல்லமாட்டேன். ஏற்றுக்கொண்டால் சம்பளத்தின் ஒரு பகுதியும் பிசியோதெரபிச் செலவும் வரும். ஒப்பரேசனுக்கு ஓஹிப் கட்டும்; ஆனால் வெளியில் போய்ச் செய்கிற பிசியோவுக்கு 20 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்குப் பொதுவாக அது கட்டாது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் வேலைக் காப்புறுதியில் நோய் உதவிக்கு எழுதலாம். வேண்டிய மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். 2022 மார்கழியில் இருந்து அது 26 கிழமைவரை நீட்டப்பட்டிருக்கிறது.

நான் எட்டு நாள் முந்திப் போகலாம் என்று கமரா முறையை எடுத்தவள். மூன்றாம் கிழமை போய் நின்றேன். துப்பாக்கி பிடிக்க முடியாமல் இரண்டு மாதம் லேபல் ஒட்டினேன். எட்டு நாள் என்பது சராசரி. உங்கள் கை கணக்குப் பார்த்து ஆறாது.

2024 ஐப்பசியில் இடது கைக்கும் நேரம் வந்தது. அதே நிபுணர். இந்தத் தடவை இரண்டு மாதம் முந்தியே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி வைத்தேன். ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். நீங்கள் இந்த முறையில் எத்தனை கை செய்திருக்கிறீர்கள்? என்ர கைக்கு எது பொருந்தும், ஏன்? நரம்புக்குக் காயம் வந்தால் அதைத் தைப்பது யார்? திறந்த முறைக்கு மாற வேண்டி வந்தால் எப்படித் தெரியும்? இரவில் எந்த இலக்கத்துக்கு எடுக்க வேண்டும்? ரெலிபோனில் வந்த அம்மா நல்ல தமிழ் பேசினா. நரம்பை நரம்பென்றும், தசைநாணைத் தசைநாண் என்றும் பிரித்துச் சொன்னா. நிபுணர் ஆயிரத்துக்கு மேல் செய்திருப்பதாகச் சொன்னார். ஒன்றுக்கும் கோபிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் எடுத்தது.

எந்த முறையைத் தெரிவு செய்தேன் என்று நான் எழுதவில்லை. எழுதினால் பத்துப் பேர் போய் அதையே கேட்பீர்கள், எனக்குத் தெரியும். என்ர இடது கைக்கும், என்ர வேலைக்கும், அந்த மாரியில் எனக்கிருந்த லீவுக்கும் எது சரியோ அதைத் தெரிந்தேன். கையெழுத்தை நானே இடம் பார்த்து வைத்தேன்.

மகளும் வந்திருந்தாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வெளியே கதிரையில் இருந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள்.